ரயிலின் பெயரைப் பார்க்காதீர்கள், அது மலை ஏறும் நேரத்தைப் பாருங்கள்

கேள்வி: “திருநெல்வேலியிலிருந்து வீட்டாரோடு இரண்டு நாள் மலைப்பக்கம் போய் வர, மாநில எல்லை தாண்டும் அழகான ரயில் எது? பாலருவி எக்ஸ்பிரஸ் போடலாமா?”

போடாதீர்கள். அருவியின் பெயரை வைத்திருக்கிறது, நம்மூர் வழியாகவே போகிறது, அதனால் எல்லோரும் முதலில் அதைத்தான் பதிவு செய்கிறார்கள். ஆனால் அது செங்கோட்டையைத் தாண்டுவது நள்ளிரவுக்கு மேல். திரும்பி வரும்போதும் கேரளத்துப் புனலூருக்கு இந்தப் பக்கம் முழுக்க இருட்டுதான். ஜன்னலில் உங்கள் முகம் மட்டும்தான் தெரியும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அருமையான வண்டி, நான் அதைக் குறை சொல்லவில்லை. மலை பார்க்கப் போகிறவர்களுக்கு உதவாது.

இன்னொரு ஏமாற்றம் மதுரை–புனலூர் எக்ஸ்பிரஸ். புனலூர் என்று இருப்பதைப் பார்த்து மலை வழி என்று நினைத்துவிடுகிறார்கள். அது திருநெல்வேலி, நாகர்கோவில், திருவனந்தபுரம், கொல்லம் என்று சுற்றிக்கொண்டு புனலூர் போகிறது. மலைப்பாதையை அது தொடுவதே இல்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மட்டும். 1904-ல் மீட்டர் கேஜாகத் திறந்த பாதை. 2010-ல் மூடி, 2018-ல் அகலப் பாதையாக முழுவதும் திறந்தார்கள். மலைப்பகுதியில் வேகக் கட்டுப்பாடு 30 கிலோமீட்டர் என்பதால் இந்த 50 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். அந்த இரண்டு மணி நேரம் பகலில் விழுகிறதா என்பதுதான் கேள்வி.

போவதற்கு மதுரை–குருவாயூர் எக்ஸ்பிரஸ். ராஜபாளையம், தென்காசி வழியாகச் செங்கோட்டைக்குப் பிற்பகல் மூன்று மணி வாக்கில் வரும். நீங்கள் நெல்லையிலிருந்து காலை பாசஞ்சரில் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வழியாகச் செங்கோட்டை போய்விடுங்கள். நேரம் மிச்சம் இருந்தால் பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிடலாம். இன்றைய எல்லை புளியரைக்கு மேலே மலையில் இருக்க, இந்த இடத்துக்கு ஏன் பார்டர் என்று பெயர் என்று பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள்: 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது, எல்லை இங்கேதான்.

செங்கோட்டையில் வண்டி கொஞ்சம் கூடுதலாக நிற்கும். பின்னால் இன்னொரு எஞ்சின் மாட்டுவார்கள், மலையில் தள்ளிவிட. பகவதிபுரம் தாண்டியதும் காற்று குளிரும். பிறகு நீண்ட குகை. வெளிச்சம் பட்டென்று போய், சத்தம் இரண்டு மடங்காகி, ஈரக் கல்லின் வாடை உள்ளே வரும். வெளியே வந்தால் கேரளா. குகைச் சுவர் பெட்டியை ஒட்டியே வரும், பிள்ளைகள் கையை வெளியே நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாசலில் தொங்கிக்கொண்டு படம் எடுக்க யாரையும் விடாதீர்கள்.

கழுதுருட்டிக்கும் தென்மலைக்கும் நடுவில் பதின்மூன்று கண் பாலம். இதை ரயிலில் இருந்து பார்க்கலாம் என்று பலர் எழுதுகிறார்கள். நீங்கள் அதன் மேலேயே போய்க்கொண்டிருக்கும்போது கண்கள் எப்படித் தெரியும்? பாலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மறுநாள் பக்கத்திலேயே ஓடும் நெடுஞ்சாலையில் இறங்கி நின்று பாருங்கள்.

டிக்கெட் விஷயம். ஏசி பெட்டி வேண்டாம், மூடிய கண்ணாடியில் மழைக்காலத்தில் பாதி மலை மறைந்துவிடும். ஸ்லீப்பருக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 200 கிலோமீட்டருக்கு உண்டானது. 50 கிலோமீட்டருக்கும் அதையேதான் கொடுக்க வேண்டும் என்று தெரிந்து போடுங்கள். சனி, ஞாயிறு தவிர்த்தால் முன்பதிவில்லாப் பெட்டியிலேயே ஜன்னல் கிடைக்க வாய்ப்பு அதிகம். தேடும்போது செங்கோட்டைக்கு எஸ்.சி.டி., புனலூருக்கு பி.யு.யு. என்று குறியீட்டைப் போடுங்கள். குற்றாலத்துக்கு ரயில் நிலையம் கிடையாது, தென்காசியில் இறங்க வேண்டும்.

வண்டி புனலூர் போய்ச் சேரச் சாயங்காலம் ஆகிவிடும். அன்றே திரும்ப நினைத்தால் நடுராத்திரி பாலருவிதான். அதனால் புனலூரிலோ தென்மலையிலோ தங்குங்கள். மறுநாள் காலையில் புனலூரில் கல்லடையாற்றின் மேல் 1877-ல் கட்டிய தூக்குப் பாலம், அல்லது தென்மலை அணை. இரண்டையும் அவசரமாகப் பார்ப்பதைவிட ஒன்றை நிதானமாகப் பாருங்கள். திரும்ப, கொல்லத்தில் மதியம் புறப்படும் சென்னை எக்ஸ்பிரஸ். புனலூருக்கு ஒரு மணி சுமாருக்கு வரும். இதில் ஏற்றம் முழுவதும் நல்ல வெளிச்சத்தில் கிடைக்கும். ஒரே ஒரு வழிதான் ரயில் என்றால் பஸ்ஸில் புனலூர் போய் இதில் ஏறி வாருங்கள். நேர அட்டவணை மாறும், கிளம்பும் முன் 139-ல் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊட்டி ரயிலை விட்டுவிட்டு இதைச் சொல்கிறானே என்று சிலர் வருவார்கள். ஊட்டி ரயில் எல்லை தாண்டாது, நெல்லையிலிருந்து போய் வரவே ஒரு நாள் போய்விடும். கேட்டது இரண்டு நாள்.

மாதம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்லது, சாரல் காலம். குற்றாலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே ஒரு வேண்டுகோள்: அருவியில் சோப்பு, ஷாம்பு போடத் தடை இருக்கிறது. இருந்தும் ஐந்தருவிப் படிகளில் ஷாம்பு பாக்கெட் மிதிபடாமல் நடக்க முடியவில்லை. அந்தத் தண்ணீர் கீழே வயலுக்குப் போகிறது, தயவுசெய்து எண்ணெய்க் குளியலை வீட்டில் முடித்துவிட்டு வாருங்கள்.

கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக் கூட்டம் புனலூர் வழியாகத்தான் போகும், உட்கார இடம் கிடைப்பதே கஷ்டம். அதோடு அந்த மாதங்களில் பொழுது சீக்கிரம் சாயும். குருவாயூர் வண்டி ஒரு மணி நேரம் தாமதமானால் தென்மலைப் பக்கம் இருட்டிவிடும். அப்போது போவதாக இருந்தால் போகும்போது பஸ், வரும்போது மதிய ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.