மேசனைக் கூப்பிட முதல்: வீட்டு மாற்றம் பற்றிய கேள்வி பதில்

வீடுகளைப் போய்ப் பார்த்து, மாற்றுவலுவுள்ளவர்கள் தாங்களே புழங்கக்கூடிய மாதிரி எதை மாற்றலாம் என்று சொல்வது என் தொழில். வந்த கேள்விகளில் பாதி சாய்தளம் பற்றியவை. சரி, அதிலிருந்தே தொடங்குவோம்.

அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறா. விறாந்தை ஒன்றரை அடி உயரம். ஆறடிச் சாய்தளம் போதும் என்கிறார் மேசன். (கொக்குவில்)

போதாது தம்பி. ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பதுதான் கணக்கு. உங்களுக்கு 18 அடி வேண்டும். ஆறடியில் கட்டினால் ஏற ஓர் ஆள் தள்ள வேண்டும்; இறங்கும்போது நாற்காலி அம்மாவையும் கொண்டு முற்றத்துக்கு ஓடும். இடம் போதாவிட்டால் நடுவில் ஒரு சமதளம் போட்டு மடக்குங்கள். அகலம் மூன்றரை அடி, சில்லு விலகாமல் இரு ஓரமும் சின்னக் கட்டு. மேலே கதவுக்கு முன்னால் ஐந்துக்கு ஐந்தடி சமமாக இருக்க வேண்டும். மேசன்மார் வழக்கமாக மறப்பது இதைத்தான். சரிவில் நின்றபடி ஒரு கையால் சில்லைப் பிடித்து, மற்றக் கையால் கதவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள் அவரை! சீமெந்தை மினுக்க விடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே தும்புத்தடியால் குறுக்கே இழுத்துவிட்டால் கார்த்திகை மழைக்கும் வழுக்காது.

இவருக்குப் பாரிசவாதம், வலப்பக்கம் இயலாது. கக்கூஸ் வளவின் பின்பக்கம், குந்துகிற மாதிரி. (சாவகச்சேரி)

அக்கா, முன்வாசலுக்குச் செலவழிக்க முதல் இதைச் செய்யுங்கள். விழுகிறவர்களில் பலர் விழுவது இங்கேதான். கொமட் வைக்கக் காசு இல்லையென்றால், இருக்கையில் ஓட்டை வெட்டிய உறுதியான கதிரையைக் குழியின் மேல் வைக்கலாம். உயரம் ஒன்றரை அடியளவில்.

கைபிடி இடப்பக்கம், அதாவது பலமுள்ள பக்கம். உயரத்தை என்னிடம் கேட்காதீர்கள். அவரை இருத்தி, எழும்பச் சொல்லி, கை எங்கே தேடுகிறதோ அங்கே சுவரில் கரிக்கோடு போடுங்கள். ஆனால் புளொக் கல்லுச் சுவரில் பிளாஸ்டிக் பிளக் அடித்து ஸ்குரூ பூட்டினால், ஒருநாள் ஆளோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். சுவரைத் துளைத்து மறுபக்கம் தகடு வைத்து போல்ட் போடுங்கள், அல்லது பைப்பை நிலத்தில் கொங்கிறீட்டில் ஊன்றுங்கள். துவாய் போடும் கம்பி கைபிடி ஆகாது.

கதவு வெளியே திறக்க வேண்டும். உள்ளே திறந்தால், விழுந்தவரே கதவை அடைத்துக் கிடப்பார். பாதைக்கு ஒரு லைட்டும் போட்டுவிடுங்கள்.

முள்ளந்தண்டில் காயம், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சமைக்க ஆசை, வீட்டார் விடுகிறார்கள் இல்லை. (அச்சுவேலி)

சமையுங்கள். அடுப்பு மேசை இரண்டரை அடி உயரத்தில், முழங்கால் உள்ளே போக அடிப்பக்கம் வெறுமையாக இருக்கட்டும். கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டர் கைக்கு எட்ட வேண்டும். வீட்டாரின் பயத்தில் ஓர் உண்மை உண்டு: சுடுபானையை மடியில் வைத்தால் தோல் வெந்தாலும் உங்களுக்குத் தெரியாது. மடியில் ஒருபோதும் வைக்காதீர்கள். அடுப்பிலிருந்து பக்கத்து மேசைக்கு இழுத்து நகர்த்தும் விதமாக எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தால், தூக்கவே தேவையில்லை. வெயிலில் நின்ற நாற்காலியில் ஏறும்போதும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

ஐயாவுக்குக் கண் தெரியாது. கிணற்றடிக்குப் போக விடலாமா? (வேலணை)

விடுங்கள், காலமெல்லாம் புழங்கிய இடம். கட்டு இடுப்புக்கு மேலே வரட்டும், வாய்க்குக் கம்பிவலை போடுங்கள், வீட்டிலிருந்து ஒரு கயிறு கட்டுங்கள். வாளியை வைத்த இடத்தை மட்டும் யாரும் மாற்றக்கூடாது. பேரப்பிள்ளைகளுக்குத்தான் இதைச் சொல்ல வேண்டும்.

வாடகை வீடு, இடிக்க முடியாது.

கதவைக் கழற்றித் திரை போடுங்கள், வாசலின் அகலம் ஓரிரு அங்குலம் கூடும். சில்லு ஏறி இறங்க நிலைப்படிக்கு மரத்தில் சரிவான ஆப்பு.

உதவி எங்கே கேட்கலாம்?

முதலில் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம். செயற்கைக் கால், நடமாடும் உபகரணங்களுக்கு 1987 முதல் இயங்கும் யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையம் இருக்கிறது. சிலர் மாற்றுவலுவுள்ளவர்கள் கட்டடங்களுக்குள் போய்வர வழி செய்யச் சொல்லும் 2006ஆம் ஆண்டு அணுகல் விதிகளைக் காட்டி வீட்டுக்கும் கேட்கிறார்கள். அவை பொதுக் கட்டடங்களுக்கு உரியவை. நாற்காலி எடுக்கப் போகும்போது உங்கள் வீட்டில் ஆக ஒடுக்கமான கதவின் அகலத்தை எழுதிக்கொண்டு போங்கள்.