மளிகைச் செலவில் எதைக் குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது?

கேள்வி: திருப்பூரில் இருந்து எழுதுகிறேன். எனக்கு 39 வயது. கணவருக்கு 46. பவர் டேபிளில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறார். ஆர்டர் குறைந்துவிட்டதால் கையைக் கட்டிச் செலவு செய்ய வேண்டிய நிலை. சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் 17,000 ரூபாய் ஆகிக்கொண்டிருந்தது. அதை 12,000-க்குள் கொண்டுவரப் பார்க்கிறேன். பாலை ஒன்றரை லிட்டரில் இருந்து அரை லிட்டராக்கிவிட்டேன். முட்டையை நிறுத்திவிட்டேன். சாம்பாருக்குப் போடும் பருப்பைப் பாதியாக்கி 100 கிராமுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கணவர் நான்கு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். அவருக்கு ஓட்ஸ், பிள்ளைகளுக்குச் சத்துப் பவுடர், இவை இரண்டை மட்டும் நிறுத்த மனம் வரவில்லை. மகள் ஒன்பதாவது, மகன் நான்காவது, இருவரும் அரசுப் பள்ளி. மாமியாருக்கு 70 வயது, பிரஷர் உண்டு. இப்படிக் குறைத்தால் இவர்களுக்குச் சத்துக் குறைவு வந்துவிடுமா? எனக்கு ஒன்றும் இல்லை. கடைசியில் ரசம் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிடுவேன். கொஞ்சம் அசதி, அவ்வளவுதான். அரிசி களையும்போது ஒரு பிடி வாயில் போட்டு மெல்லத் தோன்றுகிறது. ‘இன்னொரு கல்யாணமா, மழை கொட்டப் போகுது’ என்று மாமியார் கிண்டல் செய்கிறார். செலவுப் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

பதில்: நீங்கள் கேட்காத கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அரிசியைப் பச்சையாக மெல்லத் தோன்றுவதும் அசதியும் சேர்ந்து வந்தால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது இரும்புச் சத்துக் குறைவைத்தான். அரிசி, சாம்பல், திருநீறு, சாக்பீஸ், ஐஸ் கட்டி என்று ஆளுக்கு ஒன்றைத் தேடுவார்கள். கேட்டால் வெட்கப்பட்டு மறைப்பார்கள். இரும்புச் சத்து ஏறியதும் அந்த ஆசை பெரும்பாலும் தானாகவே போய்விடும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அதனால் இதைக் கிண்டலோடு விட்டுவிட முடியாது. பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த வாரமே ஹீமோகுளோபின் பாருங்கள், அதற்குக் காசு கிடையாது. உங்களுக்கு 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மாதவிலக்கில் ரத்தம் அதிகமாகப் போகிறதா என்பதையும் அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.

சரி, பட்டியலுக்கு வருவோம். சத்துப் பவுடர் இரண்டு டப்பா 900, ஓட்ஸ் 450, பிஸ்கட், மிக்சர், நூடுல்ஸ் எல்லாம் சேர்த்து 1,600, சனிக்கிழமை புரோட்டா, பிரியாணி 2,400. கூட்டினால் 5,350. நீங்கள் மிச்சம் பிடிக்க நினைத்த 5,000 ரூபாய் இங்கேயே இருக்கிறது. இதை விட்டுவிட்டுப் பருப்பிலும் முட்டையிலும் கை வைத்திருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. டப்பாவில் ‘வளர்ச்சி’ என்று பெரிதாக அச்சடித்திருக்கிறான், துவரம் பருப்புப் பொட்டலத்தில் யார் அப்படி எழுதுகிறார்கள்? அந்தப் பவுடர்களில் பெரும்பகுதி மால்ட் செய்த தானியமும் சர்க்கரையும்தான், அதோடு கொஞ்சம் வைட்டமின் சேர்த்திருப்பார்கள். ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது. அந்தத் தலைப்பில் இவற்றைப் போடக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது.

வீட்டில் ஐந்து பேரும் தினம் ஒரு முட்டை சாப்பிட்டால் மாதம் 150. பள்ளி நாட்களில் பிள்ளைகளுக்கு அங்கேயே கிடைத்துவிடுவதால் சுமார் 110 வாங்கினால் போதும். ஒன்று 7 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 770. இரண்டு டப்பா பவுடரைவிடக் குறைவு.

நான் நோயாளிகளிடம் ‘ஆறு கிராம் கணக்கு’ ஒன்று சொல்வதுண்டு. ஒரு முட்டையில் கிட்டத்தட்ட 6 கிராம் புரதம். 200 மில்லி பாலிலும் அதே 6. ஒரு கைப்பிடி நிலக்கடலையில், அதாவது 25 கிராமில், அதே 6. பருப்பு, கொள்ளு, பயறு வகைகள் என்றால் 25 முதல் 30 கிராம். மீல் மேக்கர் என்றால் காய்ந்த நிலையில் 12 கிராமே போதும். எது அன்றைக்கு மலிவோ அதை எடுத்துக்கொள்ளலாம், உடம்புக்கு அதில் பெரிய பேதம் இல்லை.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்கு. உங்கள் எடை 55 கிலோ என்று வைத்தால் 46 கிராம் வரும். நாளுக்குக் கால் கிலோ அரிசி சாப்பிட்டால் அதிலேயே சுமார் 18 கிராம் கிடைத்துவிடும். மீதி 28-க்கு நான்கைந்து ‘ஆறு’ வேண்டும். இப்போது உங்கள் சாம்பாரைப் பாருங்கள். 100 கிராம் பருப்பில் 22 கிராம் புரதம். அதை ஐந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு நாலரை கிராம்கூட வராது. அதிலும் கடைசியில் ரசத்தோடு முடித்துக்கொள்ளும் ஆளுக்கு அதுவும் கிடையாது.

ஆகவே பருப்பைப் பழைய அளவுக்கே கொண்டுபோங்கள். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம் பருப்பை விடாமல் வாங்குங்கள். மீதிக்குத் துவரையையே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. கொங்கு நாட்டில் இருந்துகொண்டு கொள்ளையும் தட்டைப்பயறையும் நான் உங்களுக்கு அறிமுகப்படுத்துவது அதிகப்பிரசங்கித்தனம். கொள்ளைக் கடைந்துவிட்டு அந்தத் தண்ணீரில் ரசம் வைத்தால் ஒரே அடுப்புச் செலவில் இரண்டு ஆகிவிடும். பச்சைப்பயறு கடைசல் ஒரு நாள், அரிசிம்பருப்புச் சாதம் ஒரு நாள். அரிசிம்பருப்பு செய்யும்போது மட்டும் இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பாவது விழட்டும். அரிசிப் புரதத்தில் எது குறைவோ அது பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவது அரிசியில் இருக்கிறது. மாலையில் பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பதிலாக ஒரு சுண்டல் அல்லது அவித்த நிலக்கடலை.

பாலில் அரை லிட்டர் என்பது ஐந்து பேருக்குக் குறைவுதான். ஒரு லிட்டராக்குங்கள். டீயை இரண்டு வேளையோடு நிறுத்தி, மிச்சத்தைத் தயிராகத் தோய்த்தால் போதுமானதாக இருக்கும். சுண்ணாம்புச் சத்துக்கு ராகியும் முருங்கைக் கீரையும் இருக்கின்றன. ராகி மாவு 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. முருங்கை மரம் அக்கம்பக்கத்தில் யார் வீட்டிலாவது இருக்கும், கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

கீரை என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். ‘கீரை சாப்பிட்டால் ரத்தம் ஊறும்’ என்பது பாதி உண்மை. அதில் உள்ள இரும்பைக் குடல் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்ந்தால் உறிஞ்சுவது கூடும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதுவும் குறைந்துவிடும். டீக்கும் சாப்பாட்டுக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுங்கள். நன்றாக உடம்பில் சேரும் இரும்பு வேண்டுமென்றால் கோழி ஈரல். கறிக் கடைகளில் அதைப் போல மலிவு வேறு இல்லை, வாரம் ஒரு முறை போதும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியை மாதம் ஒன்றாகக் குறைத்து மற்ற வாரங்களில் மத்தி மீன் வாங்குங்கள். இதயத்துக்கு நல்லது என்று காசு கொடுத்து மாத்திரையாக விழுங்கும் ஒமேகா-3 கொழுப்பு அதில் நிறைய.

ரேஷன் அரிசியில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் செறிவூட்டிய அரிசி கலந்திருக்கலாம். நிறம் கொஞ்சம் மாறியிருக்கும், சில சமயம் தண்ணீரில் மிதக்கும். ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிந்துவிடுகிறார்கள். இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றும் அதில்தான் இருக்கின்றன. பொறுக்காதீர்கள், ரொம்பவும் அலசாதீர்கள்.

கணவர் விஷயத்தில் எனக்கு இரண்டு கவலை. குழம்பும் பொரியலும் சுருங்கினால் வயிறு நிறைய அவர் சோற்றைத்தான் கூட்டிப் போட்டுக்கொள்வார், சர்க்கரை ஏறும். அவர் தட்டில் முதலில் காயும் கடைசலும் வைத்து, பிறகு அளந்த சோறு. ஓட்ஸ் கட்டாயமே இல்லை. கோதுமை ரவை உப்புமாவோ கம்பு, ராகி ரொட்டியோ போதும். ஆனால் ராகிக் கூழ் ‘சுகருக்கு நல்லது’ என்று சொம்பு சொம்பாகக் குடிக்க வேண்டாம், நைசாக அரைத்த மாவைக் கரைத்துக் காய்ச்சினால் அதுவும் சர்க்கரையை வேகமாகத்தான் ஏற்றும். இன்னொன்று, கிளிமிபிரைடு போட்டுவிட்டுக் காலையில் வெறும் டீயோடு வேலைக்கு உட்காரவே கூடாது. சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். சோற்றை நன்றாகக் குறைக்கப் போகிறார் என்றால் மாத்திரை அளவையும் அவருடைய டாக்டர் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கவலை பி12. மெட்ஃபார்மினை வருடக் கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு இந்த வைட்டமின் குறைய வாய்ப்பு உண்டு. இது இயற்கையாகக் கிடைப்பது பால், தயிர், முட்டை, மீன், கறியில்தான். இவரிடம் போய் முட்டையை நிறுத்திப் பாலையும் குறைத்திருக்கிறீர்கள். கால் மரத்துப்போகிறது, ஊசி குத்துகிறது என்று சொன்னால் ‘அது சுகராலதான்’ என்று விட்டுவிடாமல் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகளைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். மகனுக்குக் காலை உணவுத் திட்டம் இருக்கிறது, மதியம் இருவருக்கும் சத்துணவு, வாரத்தில் ஐந்து நாள் முட்டை. ஒன்பதாவது படிக்கும் பெண் அந்த வரிசையில் நிற்கக் கூச்சப்படலாம். வற்புறுத்தாமல் சாப்பாட்டை டிபன் பாக்ஸில் கொடுத்து, முட்டையை மட்டும் அங்கே வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா, பையில் போட்டுக்கொண்டு வருகிறாளா என்றும் ஒரு கண் வைத்திருங்கள்.

எண்ணெய் பட்டியலில் 5 லிட்டர் என்று இருக்கிறது. தலைக்கு மாதம் அரை லிட்டர், ஐந்து பேருக்கு இரண்டரை லிட்டர் போதும். ரேஷன் பாமாயில் ஒரு லிட்டர், மீதிக்குக் கடலை எண்ணெய். மாமியாருக்கு உப்புதான் பிரச்சினை. செலவைச் சுருக்கும்போது தொட்டுக்க ஒன்றும் இல்லையென்று ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் தட்டுக்கு வந்துவிடும். அவருக்குத் தயிரும் நன்றாக வெந்த பயறும் கொடுங்கள்.

உங்கள் தட்டுக்கு நாலு ‘ஆறு’ நானே எழுதிவிடுகிறேன்: கெட்டிச் சாம்பார் அல்லது கடைசல், ஒரு முட்டை, ஒரு கைப்பிடி கடலை, ஒரு கிண்ணம் தயிர். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருந்தால் என்று வைத்தால் இது நடக்காது. பரிமாறுவதற்கு முன்பே எடுத்து மூடி வைத்துவிடுங்கள். ரத்தசோகை உறுதியானால் சாப்பாடு மட்டும் அதைச் சரிசெய்யாது, மாத்திரையும் வேண்டும். அளவு சரியான பிறகும் மூன்று மாதமாவது தொடரச் சொல்வார்கள், மலம் கறுப்பாகப் போனால் பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே இருந்தாலோ, படி ஏறும்போது மூச்சு வாங்கினாலோ எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.