பழைய இன்டெல் ஐ5-2500கே ப்ராசஸரை ஆபத்தில்லாமல் ஓவர்க்ளாக் செய்வது (கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) எப்படி? 4.8 கிகாஹெர்ட்ஸுக்கு எவ்வளவு வோல்டேஜ் வைக்க வேண்டும்?

முதலில் அந்த 4.8-ஐ மறந்துவிடுங்கள். ப்ராசஸரோடு வந்த கூலர்தான் இருக்கிறது, கேபினெட்டைத் திறந்தே பல வருடம் ஆகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் முதல் வேலை பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டு செட்டிங் திரை) இல்லை, ஸ்க்ரூ டிரைவரில் இருக்கிறது.

நானும் இதே 2500கே-தான் வைத்திருக்கிறேன். 2011 ஜனவரியில் வந்த சிப். சாதாரணமாக 3.3, டர்போவில் 3.7 கிகாஹெர்ட்ஸ். ஓவர்க்ளாக் ஆசை வந்த அன்று நேராக மல்டிப்ளையரை (100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படை க்ளாக்கை எத்தனை மடங்காக்குவது என்ற எண்) 45-க்கு, அதாவது 4.5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினேன். ப்ராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் டெஸ்ட் ஓடவிட்ட சில நொடிகளிலேயே 90 டிகிரியைத் தாண்டியது. சிப் மோசம் என்று நினைத்தேன். பிறகு கூலர் ஃபேனைக் கழற்றிப் பார்த்தால், அதற்கும் வெப்பத்தை வாங்கும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க்குக்கும் நடுவில் கம்பளித் துணி போலத் தூசி படிந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். ப்ராசஸரிலிருந்து ஹீட்சிங்க்குக்கு வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்புக் காரையாகக் காய்ந்து, விரலால் தேய்த்தால் உதிர்ந்தது. கூலரின் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று போர்டில் பூட்டாமல் சும்மா உட்கார்ந்திருந்தது. இதையெல்லாம் சரிசெய்ததும், ஒரு செட்டிங்கையும் தொடாமலே வெப்பம் நன்றாக இறங்கிவிட்டது.

மதர்போர்டில் உருளை உருளையாக இருக்கும் கெபாசிட்டர்களையும் ஒரு பார்வை பாருங்கள். எதன் தலையாவது உப்பியிருந்தால் ஓவர்க்ளாக் எண்ணத்தை அங்கேயே விட்டுவிடலாம். பத்து வருடத்துக்கு மேல் ஓடிய பவர் சப்ளையையும் நான் நம்பமாட்டேன்.

இனி பயாஸ். உங்கள் போர்டின் சிப்செட் பி67, இசட்68, இசட்77 வகையாக இருந்தால்தான் மல்டிப்ளையரை ஏற்ற முடியும். ஹெச்61 போன்றவற்றில், மல்டிப்ளையர் பூட்டில்லாத 'கே' சிப் போட்டாலும் பயனில்லை. அடிப்படை க்ளாக் 100 மெகாஹெர்ட்ஸ். அதைத் தொடவே தொடாதீர்கள். இந்தத் தலைமுறையில் கார்டுகள் மாட்டும் பிசிஐ, டிஸ்க் மாட்டும் சாட்டா எல்லாமே அந்த ஒரே க்ளாக்கில் தொங்குகின்றன. கொஞ்சம் அதிகம் ஏற்றினாலே ஹார்ட் டிஸ்க்கில் எழுதுவது கெடலாம்.    

வோல்டேஜை 'ஆட்டோ'வில் விடாதீர்கள். பயத்தில் போர்டு தேவைக்கு மேல் கொடுக்கும். மல்டிப்ளையர் 40-ல் தொடங்கி, ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ப்ரைம்95 என்ற சோதனை மென்பொருளில் 'ஸ்மால் எஃப்எஃப்டி' டெஸ்ட்டைக் கால் மணி நேரம் ஓட்டுங்கள். நீலத்திரை வந்தாலோ ஒரு கோர் பிழை காட்டி நின்றாலோ ஒரு சின்னப் படி வோல்டேஜ். எவ்வளவு ஓட்டியும் 80 டிகிரிக்குள் நிற்க வேண்டும் என்பது என் கணக்கு. பழைய கூலரோடு 40-ஐத் தாண்ட நினைத்தால், உயரமான டவர் கூலர் ஒன்றை மாட்டிவிட்டுத் தாண்டுங்கள்.

எங்கே நிறுத்துவது? என் சிப்பில் 4.3-க்கு 1.25 வோல்ட் போதுமாக இருந்தது. 4.6-க்கு 1.38 கேட்டது. ப்ராசஸர் தின்னும் மின்சாரம் வேகத்தின் நேர் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்க விகிதத்திலும் ஏறும். கணக்குப் போட்டால் 7 சதவீத வேகத்துக்காக ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல் வெப்பம். அந்த மூன்று படிக்காகச் சிப்பின் ஆயுளைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. வோல்டேஜ் திடீரென்று தாவிக் கேட்கும் இடம் ஒவ்வொரு சிப்புக்கும் ஒன்று உண்டு, அதற்கு ஒரு படி கீழேதான் உங்கள் இடம். என் எண்ணை அப்படியே போடாதீர்கள்.

லோட்லைன் கேலிபரேஷன் என்று ஒன்று இருக்கும். லோடு (ப்ராசஸரின் வேலைச்சுமை) ஏறும்போது வோல்டேஜ் இறங்காமல் தாங்கிப் பிடிக்க. நடு அளவில் வையுங்கள். உச்சத்தில் வைத்தால், லோடு சட்டென்று விலகும் கணத்தில் வோல்டேஜ் மேலே துள்ளும்.

என்னை அதிகம் அலைக்கழித்தது வேறொன்று. இரவு முழுக்க டெஸ்ட் ஓடி, காலையில் ஒரு பிழையும் இல்லை. டெஸ்ட்டை நிறுத்திவிட்டு பிரவுசரை மட்டும் திறந்து வைத்திருந்தேன், மவுஸ் அப்படியே உறைந்துவிட்டது. மறுநாளும் அதேபோல். காரணம், வோல்டேஜை ஆஃப்செட் முறையில், அதாவது எல்லா வேகத்திலும் ஒரே அளவு கழியும்படி, குறைத்து வைத்திருந்தேன். முழு லோடில் போதுமாக இருந்த அந்தக் குறைப்பு, ப்ராசஸர் 1.6 கிகாஹெர்ட்ஸில் சும்மா இருக்கும்போது போதவில்லை. அதனால் டெஸ்ட் தேறியதும் கொண்டாடாமல், ஒரு வாரம் வழக்கமான வேலையைப் பாருங்கள். பெரிய ஜிப் கோப்புகளைப் பிரித்துப் பாருங்கள், சிஆர்சி பிழை (கோப்பின் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை என்ற செய்தி) வந்தால் கணக்கு எங்கோ தப்புகிறது. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் டபிள்யூஹெச்இஏ என்ற ஹார்ட்வேர் பிழை எச்சரிக்கை விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கம்ப்யூட்டர் விழாமலே பிழையைத் திருத்திக்கொண்டு ஓடுவது அங்கேதான் தெரியும். அந்த ஒரு வாரமும் முக்கியமான கோப்புகளுக்கு வேறொரு டிஸ்க்கில் நகல் இருக்கட்டும்.

பூட் ஆகவே இல்லையென்றால் பதற வேண்டாம். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் வைத்தால் பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும். அப்படி நடப்பதற்கு முன்பே உங்கள் செட்டிங்குகளை ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள், திரும்பத் தேடுவது பெரிய தொல்லை.

என் 4.3 சில வருடம் கழித்து அதே 1.25-இல் தடுமாற ஆரம்பித்தது. சிப்புக்கும் வயசாகும். வோல்டேஜை ஏற்றவில்லை, மல்டிப்ளையரை 42-க்கு இறக்கினேன். இந்தப் பதிலை அதிலிருந்துதான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.