பென்சிலுக்கு முன்னால் நாற்காலியைப் பாருங்கள்

சகோதரிக்கு வணக்கம்.

குடிபெயர்ந்து வந்து 4 மாதங்களே ஆன நிலையில், ஆட்டிசம் உள்ள உங்கள் 6 வயது மகன் பள்ளியில் பென்சிலைக் கொடுத்தாலே வீசி எறிவதாகவும், மாலைதோறும் எழுத்துப் பயிற்சி ஏட்டில் எழுத வைத்தால் சரியாகுமா என்றும் கேட்டிருந்தீர்கள். 14 ஆண்டுகளுக்கு முன் இதே கவலையோடு வந்து இறங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த ஏட்டை இப்போதைக்கு எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

நான் அந்தத் தவற்றைச் செய்தவன். புள்ளிகளை இணைத்து எழுதும் ஏட்டை நாள்தோறும் மகளின் முன் விரித்தேன். இரண்டாம் மாதத்தில் அதன் அட்டையைக் கண்டாலே அவள் மேசைக்கடியில் போய் ஒளிந்துகொண்டாள். பிறகு, எழுதுவது, பொத்தான் போடுவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளரான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரிடம் அழைத்துச் சென்றபோது, அவர் விரல்களைப் பார்ப்பதற்கு முன் அவள் அமர்ந்திருந்த விதத்தைப் பார்த்தார். கால்கள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. பாதம் ஊன்றாமலும் மேசை முழங்கைக்கு மேலே உயர்ந்தும் இருந்தால், உடலை நிமிர்த்தி வைப்பதிலேயே பலமெல்லாம் செலவாகி விரலுக்கு எதுவும் மிஞ்சாது என்றார். வீட்டுக்கு வந்ததும் காலடியில் ஒரு பலகையைப் போட்டேன்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்குத் தசைகள் தளர்ந்தும், அசைவுகளை ஒருங்கிணைப்பது கடினமாகவும் இருக்கும். அது சோம்பலும் அன்று, பிடிவாதமும் அன்று. தோளும் மணிக்கட்டும் உறுதிப்பட்டால்தான் விரல்கள் நுட்பமாக இயங்கும் என்பதால், சுவரில் ஒட்டிய பெரிய தாளில் அவனை நின்றபடி கிறுக்கவிடுங்கள். துணிக்கிளிப்புகளை அழுத்திக் கயிற்றில் மாட்டுவது, காகிதம் கிழிப்பது, மணி கோப்பது எல்லாமே எழுத்துக்கான பயிற்சிதான். முழு கிரேயானைவிட உடைந்த சிறு துண்டு நல்லது. உள்ளங்கையால் பொத்திப் பிடிக்க இடமில்லாததால் விரல்நுனிகள் தாமாகவே வேலை செய்யும். களிமண்ணின் ஈரம் பிடிக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தால் பைக்கு மேலாகவே பிசைவான். அவன் கையைப் பற்றி எழுதவைக்குமுன் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

கோடுகளுக்கும் ஒரு வரிசை உண்டு. செங்குத்துக் கோடு, கிடைக்கோடு, ஏறத்தாழ 3 வயதில் வட்டம், அதன் பின் கூட்டல் குறி, சதுரம், 5 வயதையொட்டி முக்கோணம் என்று பொதுவாக வரும். சாய்கோடே வராத குழந்தையிடம் ஆங்கில 'எக்ஸ்' எழுதச் சொல்வது வீண் சண்டை. தமிழ் எழுத்தையும் அதே வேளையில் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. பள்ளி எழுத்து கைக்குப் பழகட்டும். ஆனால் வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தாதீர்கள். இரு மொழி கேட்பது ஆட்டிசத்தை மோசமாக்குவதில்லை.

பள்ளிக் கூட்டத்தில் புரியாமலேயே தலையாட்டிவிட்டு வந்தவன் நான். நீங்கள் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள். அவனுக்கு என்ன உதவி தேவை என்று மதிப்பிடும்படி கேட்கும் வேண்டுகோளை எழுத்தில் கொடுங்கள். கருத்தைச் சொல்ல விசைப்பலகையைப் பயன்படுத்த அவனுக்கு இடம் தருவார்களா என்றும் விசாரியுங்கள். அதனால் கையெழுத்துப் பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை. தெரபிஸ்ட்டைச் சந்திக்கும் நாளில் அவன் முரண்டுபிடிக்கக்கூடும் என்பதால், வீட்டில் பொத்தான் போடுவதையும் கிறுக்குவதையும் இரண்டு நிமிடம் கைபேசியில் படம்பிடித்து எடுத்துச் செல்லுங்கள்.