டிராஃப்டுக்காகப் படிப்பை விட வேண்டுமா?

கேள்வி: நாங்கள் ஸ்காபரோவில் வசிக்கிறோம். எனது மூத்த மகன் ஒன்ராறியோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான்காம் ஆண்டு படிக்கிறார். அங்கே கனடிய ஃபுட்போல் அணியில் ஒஃபென்சிவ் லைனில் ஆடுகிறார். வரும் வசந்தத்தில் 'டிராஃப்ட்' வருகிறது, தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும், அதற்காகக் குளிர்காலப் பருவப் பாடங்களை எல்லாம் விட்டுவிட்டு முழுநேரமும் பயிற்சி செய்யப் போகிறேன் என்கிறார். எங்கள் வீட்டில் யாருக்கும் இந்த விளையாட்டுத் தெரியாது. "பந்து விளையாடினால் சோறு கிடைக்குமா?" என்று தகப்பன் கோபப்படுகிறார். இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்த அணிகள் எப்படி ஆள் தேர்ந்தெடுக்கின்றன? மகன் சொல்வதில் எவ்வளவு உண்மை? நான் யார் பக்கம் நிற்பது?
— பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் வீண் கனவு காண்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சொல்லும் டிராஃப்ட் ஆண்டுதோறும் நடப்பது. அதில் பெயர் வந்தவர்களில் சிலர் அந்தக் கோடையிலேயே பெரிய மைதானங்களில் சம்பளத்துக்கு ஆடுகிறார்கள். ஆனால் அதற்காகக் குளிர்காலப் பாடங்களைக் கைவிட வேண்டும் என்று அவர் எண்ணுவது தவறு. அது படிப்பைக் கெடுப்பதோடு நில்லாமல், அவர் நேசிக்கும் ஆட்டத்தையும் கெடுக்கக்கூடியது. ஏன் என்பதை விளக்க, அணிகள் எதைத் தேடுகின்றன என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

கனடியன் ஃபுட்போல் லீக்கில், மேற்கே வன்கூவரின் பி.சி. லயன்ஸ் முதல் கிழக்கே மொன்றியல் அலுவெட்ஸ் வரை, ஒன்பது அணிகள் இருக்கின்றன. ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ அவை எட்டுச் சுற்றுகளாக, சுற்றுக்கு ஒருவர் வீதம், முறை வைத்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகள் முன்னதாகவும், லீக்கின் வெற்றிக் கிண்ணமான கிறே கப்பை வென்ற அணி கடைசியாகவும் எடுப்பதே அடிப்படை ஒழுங்கு. அணிகள் தங்கள் முறையை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்வதால், ஒரு சுற்றில் ஓர் அணிக்கு இரண்டு முறை கிடைப்பதும் இன்னோர் அணிக்கு ஒன்றுமே இல்லாமல் போவதும் உண்டு. எந்த அணிக்குப் போவது என்பதை வீரர் தீர்மானிக்க முடியாது. எந்த அணி அவரை எடுக்கிறதோ, அந்த அணிக்கே இந்த லீக்கில் அவரோடு ஒப்பந்தம் பேசும் உரிமை உண்டு. ஆகவே ஸ்காபரோப் பிள்ளை ரிஜைனாவுக்கோ எட்மன்ரனுக்கோ போய்க் குடியிருக்க வேண்டி வரலாம் என்பதற்கு இப்போதே மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு உயிர் கொடுப்பது, ஒவ்வோர் அணியிலும் கனடியர்கள் குறிப்பிட்ட அளவில் இருந்தே ஆகவேண்டும் என்ற விதி. இந்த லீக்கில் அமெரிக்கர்கள் பெருமளவில் ஆடுகிறார்கள். எல்லையைத் திறந்துவிட்டால் அங்கிருந்து வரும் எண்ணற்ற வீரர்களோடு இங்குள்ள பிள்ளைகள் போட்டியிட்டு இடம் பிடிப்பது மிகக் கடினம். அதனால்தான் ஆட்டநாள் பட்டியலில் ஏறத்தாழப் பாதிப் பேர், லீக்கின் வழக்கில் 'நேஷனல்' எனப்படும் கனடியர்களாக இருக்க வேண்டும் என்றும், தாக்குதலிலும் தடுப்பிலும் ஆட்டத்தைத் தொடங்கும் 24 பேரிலும் கனடியர்களுக்கு ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கை வேண்டும் என்றும் விதித்திருக்கிறார்கள். அந்த எண்ணிக்கை நெடுங்காலமாக ஏழு. இந்த டிராஃப்ட் அந்த நேஷனல் வீரர்களுக்கானது. அமெரிக்கர்கள் வேறு வழியாக வருகிறார்கள்.

இந்த விதியைப் புரிந்துகொண்டால், அணிகளின் தேர்வு பல சமயம் நமக்கு விசித்திரமாகத் தோன்றுவதன் காரணமும் புரியும். பல்கலைக்கழக ஆட்டத்தில் அதிகம் புள்ளி குவித்தவர் யார் என்று பொது முகாமையாளர் பார்ப்பதில்லை. தன் அணியில் எந்தெந்த இடங்களைக் கனடியர்களைக் கொண்டு நிரப்பப்போகிறோம், அந்த இடங்களில் இப்போது இருப்பவர்களுக்கு வயதென்ன, அவர்களில் ஒருவர் காயப்பட்டால் இன்னொரு கனடியர் கைவசம் இருக்கிறாரா என்றே பார்க்கிறார். கனடியர் ஒருவர் விழுந்து, அவருக்குப் பதிலாக அமெரிக்கர் ஒருவரை இறக்க நேர்ந்தால், கணக்குச் சரியாக இருப்பதற்காக இன்னோர் இடத்தையும் மாற்ற வேண்டி வரும். அதனாலேயே திறமையான கனடியர் இரண்டு, மூன்று பேரை ஒரே இடத்துக்கு வைத்திருக்கும் அணி நிம்மதியாக இருக்கிறது.

இங்கேதான் உங்கள் மகனுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அணிகள் கனடியர்களை அதிகம் நிறுத்தும் இடங்களில் முதன்மையானது ஒஃபென்சிவ் லைன், அதாவது பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் நின்று எதிராளிகளை மறிக்கும் ஐவர். அந்த ஐந்து பேரில் மூவரோ அதற்கு மேற்பட்டவர்களோ கனடியர்களாக இருப்பது சாதாரணம். டிராஃப்டில் முதல் ஆளாகவே லைன்காரர்களை எடுத்திருக்கிறார்கள்: 2016இல் சஸ்காச்சுவான் ஜொசாயா செயின்ட் ஜோனையும், 2019இல் ரொறன்ரோ ஷேன் ரிச்சர்ட்ஸையும், 2023இல் ஒட்டாவா டொன்ரே புல்லையும் எடுத்தன. ஆனால் அந்த மூவருமே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆடிய கனடியர்கள் என்பதையும் கவனியுங்கள். உங்கள் மகன் போட்டியிடுவது ஒன்ராறியோ, கியூபெக் அணிகளின் பிள்ளைகளோடு மட்டுமல்ல. எல்லை தாண்டிப் போய் ஆடுகிறவர்களும் இதே வரிசையில் நிற்கிறார்கள்.

இங்கே படிக்கும் பிள்ளைக்கு அதில் ஓர் அனுகூலமும் உண்டு. அமெரிக்க ஆட்டத்தில் இரு தரப்பு லைன்காரர்களும் ஏறக்குறைய மூக்கோடு மூக்கு உரசுவதுபோல் நிற்பார்கள். கனடிய ஆட்டத்தில் எதிரணியின் தடுப்பவர்கள் பந்திலிருந்து ஒரு யார், அதாவது ஏறத்தாழ 90 சென்ரிமீற்றர், தள்ளி நிற்க வேண்டும். அந்தச் சிறிய இடைவெளியில் தடுப்பவர் வேகம் எடுத்து வருவார் என்பதால் லைன்காரரின் முதல் அடி, கைவைக்கும் நேரம் எல்லாமே மாறுகின்றன. அங்கிருந்து வருபவர் அதைப் புதிதாகப் பழக வேண்டும். உங்கள் மகனுக்கு அது ஏற்கெனவே பழகிய சங்கதி.

அணிகள் எப்படி எடைபோடுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். அடித்தளம் ஆட்டக் காணொளிகள். லீக்கின் தேர்வாளர்கள் பருவத்துக்கு முன்பும் பின்பும் என ஆண்டுக்குச் சில தடவை, முன்னணியில் உள்ள 20 பேரின் தரவரிசையை வெளியிடுகிறார்கள். பெற்றோர் அதைப் பார்த்துக் கவலைப்படுவதுண்டு. அதில் இல்லாத எத்தனையோ பேரை அணிகள் எடுக்கத்தான் செய்கின்றன. மார்ச் மாதத்தில் 'கொம்பைன்' என்ற தேர்வு முகாம் நடக்கிறது. 225 இறாத்தல் எடையை எத்தனை முறை தூக்குகிறார், 40 யார் தூரத்தை எவ்வளவு நேரத்தில் ஓடுகிறார், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் குதிக்கிறார் என்று அளக்கிறார்கள். மருத்துவப் பரிசோதனை உண்டு. அணிகள் தனித்தனியே நேர்முகமும் நடத்துகின்றன.

ஆனால் லைன்காரருக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது, கவசம் அணிந்து ஒருவரோடு ஒருவர் மோதும் பயிற்சி. ஒரு தடுப்பாளர், எதிரே ஓர் ஒஃபென்சிவ் லைன்காரர், சுற்றிலும் குறிப்பேட்டோடு ஒன்பது அணிகளின் பயிற்சியாளர்கள். பந்து நகர்ந்ததும் மூன்று, நான்கு நொடிகளில் முடிந்துவிடும். தோற்றவர் அடுத்த முறை எப்படி நிற்கிறார் என்பதையும் பார்க்கிறார்கள்: இடுப்பைத் தாழ்த்துகிறாரா, பின்னங்காலில் சாய்கிறாரா, அதே தந்திரத்துக்கு மறுபடியும் ஏமாறுகிறாரா. இந்த மோதல் அமெரிக்க என்.எஃப்.எல். லீக்கின் கொம்பைனில் இல்லை. ஓட்டத்தில் சில நொடிப் பின்னங்கள் பின்தங்கிய ஒருவர் இதில் நன்றாகச் செய்து மேலே வருவதுண்டு. ஆகவே உங்கள் மகன் பயிற்சி நேரத்தை ஓட்டத்துக்கு மட்டுமே செலவிடாமல் இருப்பது நல்லது.

இங்குள்ள டிராஃப்டுக்குச் சற்று முன்னதாக என்.எஃப்.எல். டிராஃப்ட் நடக்கிறது. அங்கே எடுக்கப்பட்டவர் இங்கே உடனே வரமாட்டார் என்பதால், மிகத் திறமையானவர்கள் சிலர் இங்கே பின்சுற்றுகளுக்குச் சரிந்துவிடுவார்கள். 'என்றாவது திரும்பி வந்தால் நம்மிடமே வரட்டும்' என்று ஏதாவது ஓர் அணி அவர்களுக்காக ஒரு முறையைச் செலவிடும். இது கேட்கச் சிக்கலாக இருந்தாலும், சுற்று எண்ணை வைத்து ஒருவரின் தகுதியை அளக்கக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். வின்னிபெக் புளூ பொம்பர்ஸின் பிரேடி ஒலிவேரா 2019இல் 14ஆவதாக, இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டவர்; 2024இல் லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருதைப் பெற்றார். பி.சி. லயன்ஸின் நேதன் ரூர்க் 2020இல் 15ஆவதாக எடுக்கப்பட்டவர்.

இனிப் படிப்புக்கு வருகிறேன். பல்கலைக்கழக விளையாட்டை நடத்தும் யூ ஸ்போர்ட்ஸ் அமைப்பின் கீழ் ஒரு மாணவருக்கு ஐந்து பருவம் ஆடும் தகுதி உண்டு. ஆனால் பொதுவாக நான்காம் ஆண்டை ஒட்டியே டிராஃப்ட் முறை வந்துவிடுகிறது. எடுக்கப்பட்டவர், மே மாதப் பயிற்சி முகாமுக்குப் போய் அணியில் இடம் கிடைக்காவிட்டால், அல்லது இன்னும் ஓராண்டு முதிரட்டும் என்று அணி கருதினால், இலையுதிர் காலத்தில் பல்கலைக்கழகத்துக்கே திரும்பி ஐந்தாம் பருவத்தை ஆடலாம். பலர் அப்படியே செய்கிறார்கள். அணியின் உரிமை அதனால் உடனே போய்விடுவதில்லை.

அந்தக் கதவைத்தான் உங்கள் மகன் தன் கையாலேயே அடைக்கப் பார்க்கிறார். அடுத்த பருவத்தில் ஆட, முந்தைய கல்வியாண்டில் குறைந்தது 18 கிரெடிட் தேறியிருக்க வேண்டும் என்பது யூ ஸ்போர்ட்ஸ் விதி. இலையுதிர் பருவத்தில் தலா மூன்று கிரெடிட் கொண்ட ஐந்து பாடங்களில் தேறினாலும் 15தான். குளிர்காலப் பாடங்கள் அனைத்தையும் விட்டால், கோடையில் ஈடுசெய்தாலொழிய அவர் தகுதி இழப்பார். கோடையிலோ அவர் முகாமில் இருக்க விரும்புகிறார். முகாமிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டால் ஆட அணியும் இராது, பட்டமும் கையில் இராது. பாடங்களைக் குறைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இரண்டு, மூன்று பாடங்களை வைத்துக்கொண்டு காலையில் பயிற்சியும் பிற்பகலில் வகுப்புமாக அந்த நான்கு மாதங்களைக் கடத்துவது முடியாத காரியமல்ல.

தகப்பனாருக்கு ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள். லோரான் டுவெர்னே-டார்டிஃப் மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டே, உங்கள் மகனைப் போல ஒஃபென்சிவ் லைனில் ஆடியவர். 2014இல் கன்சஸ் சிற்றி சீஃப்ஸ் அவரை என்.எஃப்.எல். டிராஃப்டின் ஆறாம் சுற்றில் எடுத்தது. சில நாள் கழித்துக் கல்கரி ஸ்டம்பீடர்ஸ் அவரை இங்கே மூன்றாம் சுற்றில் எடுத்தது. அவர் சீஃப்ஸுக்கு ஆடியபடியே, ஆட்டமில்லாத மாதங்களில் மொன்றியலுக்கு வந்து படித்து 2018இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 2020 பெப்ரவரியில் அவரது அணி, என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் போலை வென்றது. அதே ஆண்டு கோவிட் பெருந்தொற்றின்போது பருவத்தையே விட்டுக்கொடுத்து, கியூபெக்கில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்தார். எல்லோரும் அப்படி ஆக முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் படிப்பும் இந்த ஆட்டமும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம் உங்கள் வீட்டில் இரு தரப்பிலும் இருக்கிறது; இருவருமே அதைக் கைவிட வேண்டும்.

சோறு கிடைக்குமா என்ற கேள்வி நியாயமானது; அதற்கு நேரான பதில் தர வேண்டும். 2022இல் லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே கையெழுத்தான ஒப்பந்தப்படி, குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2023 முதல் 70,000 டொலர். ஆனால் முகாமில் விலக்கப்பட்டவருக்கு அது கிடைக்காது. ஆட்டத்தில் இறக்காமல் பயிற்சிக்காக மட்டும் பயிற்சிப் பட்டியலில் வைக்கப்படுபவர் வாரக் கணக்கில் அதைவிடக் குறைவாகப் பெறுவார். காயம் ஒருவரின் தொழிலை ஒரு பிற்பகலில் முடித்துவிடக்கூடும். எடுக்கப்படும் எழுபதுக்கு மேற்பட்டவர்களில் நெடுங்காலம் நிலைப்பவர்கள் சிலரே. பட்டம் அவசியம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். டிராஃப்டில் பெயரே வராமல் போனாலும் கதை முடிந்துவிடாது: எடுக்கப்படாதவர் எந்த அணியோடும் ஒப்பந்தம் செய்யலாம் என்பதால், லைன்காரர் குறைவாக உள்ள அணியைத் தேடிப்போகும் சுதந்திரம் அவருக்கு உண்டு. எட்டாம் சுற்றில் எடுக்கப்படுவதைவிட அது சில சமயம் மேல் என்பது என் கருத்து.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். உடல் பெருக்க விற்கப்படும் தூள்களையும் மாத்திரைகளையும் அணியின் மருத்துவரிடம் காட்டாமல் அவர் தொடக்கூடாது. பல்கலைக்கழக வீரர்களுக்கும் டிராஃப்டுக்கு நிற்பவர்களுக்கும் ஊக்கமருந்துச் சோதனை உண்டு. 2010இல் வாட்டர்லூ பல்கலைக்கழகம் இந்த விவகாரத்தில் தன் அணியை ஒரு பருவம் முழுவதும் நிறுத்திவைத்தது. அடுத்து, முகவர் என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால், வீரர் சங்கத்தில் பதிவு பெற்றவரா என்று உறுதிசெய்யும் வரை எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

நீங்கள் யார் பக்கமும் நிற்க வேண்டியதில்லை. பாடங்களை விலக்கிக்கொள்வதற்கான கடைசி நாளுக்கு முன்பாக, மகன் தன் தலைமைப் பயிற்சியாளரையும் கல்வி ஆலோசகரையும் சேர்த்துச் சந்திக்கட்டும். முடிந்தால் தகப்பனும் கூடப் போகட்டும். எத்தனை கிரெடிட் எடுத்தால் ஐந்தாம் பருவத்துக்கான தகுதி கெடாது, பட்டத்துக்கு இன்னும் எத்தனை பாடம் மீதி, கொம்பைனுக்கு அழைப்பு வரும் என்று பயிற்சியாளர் நம்புகிறாரா என்ற மூன்று கேள்விகளுக்கும் அங்கே பதில் வாங்குங்கள். அந்தப் பதில்களை வைத்துக் குளிர்காலக் கால அட்டவணையை மகனே எழுதி வீட்டில் காட்டட்டும்.