நாட்டை ஆளும் விளையாட்டு: வாசகர் கேள்வி – பதில்

பிரிட்டனின் பாஸிடெக் கேம்ஸ் 2013இல் வெளியிட்ட ‘டெமாக்ரசி 3’ என்ற கணினி விளையாட்டு பற்றி வந்த கேள்விகள் இவை. இதில் நீங்கள் ஒரு நாட்டின் ஆட்சித் தலைவர்; வரி, செலவு, சட்டங்களை முடிவு செய்து தேர்தலில் வெல்ல வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவைத் தேர்ந்தெடுத்தேன். வரியைக் கூட்டி, கல்விக்குப் பணத்தைக் கொட்டினேன். பற்றாக்குறை குறைந்தும் தேர்தலில் படுதோல்வி. ஏன்?

பதில்: எதை எப்போது செய்தீர்கள் என்பதில்தான் கோளாறு இருக்கும். ஒரு டர்ன், அதாவது ஆட்டத்தின் ஒரு சுற்று, என்பது 3 மாதம். 4 ஆண்டுப் பதவிக்காலத்துக்கு 16 டர்ன். வரி மீதான கோபம் சீக்கிரம் வந்துவிடும். பள்ளிக்குக் கொடுத்த பணமோ ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் வேலை செய்யும். ஆகவே கசப்பு மருந்தையும் கல்விச் செலவையும் முதல் 4 டர்னுக்குள் முடித்துவிடுங்கள். கடைசி ஆண்டில் வரியைத் தொடவே வேண்டாம்.

கொள்கையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரை நகர்த்தும் முன் அந்தக் கொள்கையின் ஐகான் மீது மவுஸை வையுங்கள். பச்சைக் கோடு நல்ல விளைவு, சிவப்பு கெட்டது. அம்புகள் வேகமாக ஓடினால் தாக்கம் அதிகம். பெட்ரோல் வரியிலிருந்து வாகன ஓட்டிகளுக்குச் சிவப்பும் சுற்றுச்சூழல்வாதிகளுக்குப் பச்சையும் போகும். இரண்டும் கழிந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரே வாக்காளர் பல குழுக்களில் இருப்பார். கார் வைத்திருக்கும் ஏழைப் பெற்றோருக்கு எல்லாப் பக்கமிருந்தும் அடி விழலாம். அதற்காகப் பற்றாக்குறையை அப்படியே விட்டாலும் ஆபத்துதான்: கடன் தரமதிப்பீடு சரியும், வட்டி ஏறும், அந்த வட்டியே அடுத்த பற்றாக்குறையாக வந்து நிற்கும்.

கேள்வி: வீடற்றோர் பிரச்சினைக்குக் காரணமானவற்றைச் சரிசெய்தும் அதைக் காட்டும் சிவப்புக் குமிழ் திரையிலிருந்து போகவில்லையே?

பதில்: பிரச்சினையின் தீவிரத்தில், அது தொடங்க ஓர் அளவு, அடங்க அதைவிடக் குறைந்த ஓர் அளவு என்று வைத்திருக்கிறார்கள். உதாரணத்துக்கு 0.7இல் தொடங்கியது 0.5க்குக் கீழே போனால்தான் மறையும். 0.6இல் நின்றுவிட்டால் காலத்துக்கும் அங்கேயே கிடக்கும். அந்தத் தீவிரத்தை இன்னும் கொஞ்சம் குறையுங்கள்; மறைந்ததும் செலவை அளவாகக் குறைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கொள்கைகளை மாற்றச் செலவாகும் புள்ளிகளான அரசியல் மூலதனம் எப்போதும் பற்றவில்லை.

பதில்: அதைத் தருபவர்கள் அமைச்சர்கள். விசுவாசம் குறைந்தால் தருவதும் குறையும், கடைசியில் ராஜினாமாதான். ஒவ்வொருவருக்கும் எந்த வாக்காளர் குழு மீது பற்று என்று நியமிக்கும்போதே பாருங்கள். தொழிற்சங்கப் பற்றுள்ளவரைச் சேர்த்துக்கொண்டு சங்கங்களை ஒடுக்கினால் அவர் எப்படி நிலைப்பார்? அடிக்கடி ஆளை மாற்றுவதும் வீண். புதியவருக்கு அனுபவம் இருக்காது.

கேள்வி: கணக்குகளை நானே மாற்ற முடியுமா?

பதில்: தாராளமாக. விளையாட்டின் கோப்புறையில் டேட்டா, அதற்குள் சிமுலேஷன். அங்குள்ள சிஎஸ்வி கோப்புகளை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைகள்) எக்செல்லிலேயே திறக்கலாம். முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு விளைவும் மூன்று பகுதி: எதைப் பாதிக்கிறது, ஒரு சமன்பாடு, கடைசியில் தாமதம். சமன்பாட்டில் வரும் எக்ஸ், ஸ்லைடரின் நிலை; 0 முதல் 1 வரை. தாமத இடத்தில் 8 என்றால் விளைவு 8 டர்னில், அதாவது 2 ஆண்டில், படிப்படியாக முழுமை பெறும். சில விளைவுகளில் அந்த எண்ணே இருக்காது; அவற்றுக்குத் தாமதம் இல்லை. பெரும்பாலும் சொதப்புவது காற்புள்ளி விட்டுப்போவதாலும், பெயரில் ஓர் எழுத்து தவறுவதாலும்தான். எதையாவது கெடுத்துவிட்டால், விளையாட்டை ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கியிருந்தால், அந்தச் செயலியில் கோப்புச் சரிபார்ப்பைக் கொடுங்கள், மூலக் கோப்பு திரும்பிவிடும். நீங்கள் செய்த மாற்றங்களும் அதோடு போய்விடும் என்பதால் அவற்றையும் தனியே சேமித்துக்கொள்ளுங்கள்.