பிரேசர் மலையில் பார்த்த சிலம்பனுக்கு எந்தப் பெயரை எழுதுவது?

பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பள்ளி விடுமுறையில் பிரேசர் மலைக்குப் போனவர், சாம்பல் உடம்பும் செம்பழுப்புத் தலையும் ஆரஞ்சு அலகுமாக ஒரு சிலம்பன் பறவைக் கூட்டத்தைப் பார்த்திருக்கிறார். பழைய புத்தகத்தில் அதற்குக் கருலாக்ஸ் மிட்ராட்டஸ் என்று பெயர், கைப்பேசிச் செயலியிலோ தெரோரைனஸ் மிட்ராட்டஸ். பறவை ஒன்றா இரண்டா, நோட்டில் எதை எழுதுவது?

ஒன்றுதான். செயலியில் உள்ளதையே எழுதுங்கள், பழைய பெயரையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

அறிவியல் பெயரில் முதல் சொல் பேரினம் (நெருங்கிய உறவுள்ள பறவைகளின் தொகுதி), இரண்டாவது சிற்றினம் (அதில் ஒரு குறிப்பிட்ட பறவை). இரண்டாவது அப்படியே இருந்து முதல் பெயர் மட்டும் மாறியிருந்தால், பெரும்பாலும் அதே பறவையை வேறு உறவுக்காரர்களோடு சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். (கடைசி எழுத்துகள் இலக்கணத்துக்காகக் கொஞ்சம் மாறலாம், எரித்ரோசெஃபாலஸ் எரித்ரோசெஃபாலம் ஆனது போல.) புதரடியில் சருகைக் கிளறிக்கொண்டு கூட்டமாகக் கத்தித் திரிகிற சிலம்பன்களில் பலவற்றை முன்பு பார்வைக்கு ஒத்திருக்கிறது என்று கருலாக்ஸில் போட்டுவிட்டார்கள். மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்ததில் அந்த உறவு முழுதாக நிற்கவில்லை. 2018இல் வந்த ஆய்வுக்குப் பிறகு கருலாக்ஸ் பிரிக்கப்பட்டது, உங்கள் பறவை தெரோரைனஸுக்குப் போனது. தமிழ்நாட்டுத் தோட்டங்களில் திரியும் தவிட்டுக்குருவியும் இதே குடும்பம்தான், அதற்கும் அப்போது டர்டாய்டிஸ் போய் ஆர்கியா வந்தது.

நீங்கள் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது ஒரு சிற்றினத்தை இரண்டாக உடைக்கும் மாற்றத்தைத்தான். போர்னியோத் தீவில் உள்ள சபாவில் கினபாலு மலைப் பக்கம் இருப்பதையும் முன்பு மிட்ராட்டஸ் என்றே எழுதினார்கள், இப்போது அது ட்ரீச்சரி என்ற தனிச் சிற்றினம். பிரேசர் மலையிலேயே இன்னொரு சிலம்பன் உண்டு, ஆலிவ் நிறம், தலையில் செம்பழுப்பு, சட்டென்று புதருக்குள் போய்விடும். அதை இமயமலைப் பறவையின் துணையினம் என்று வைத்திருந்தார்கள், இப்போது ட்ரோகலாப்டெரான் பெனின்சுலே என்று தனியாக நிற்கிறது. இந்த மாதிரிப் பறவைகளுக்குக் குளிர்ந்த மலைக்காடு ஒரு தீவு, கீழே இறங்கிச் சூடான சமவெளியைத் தாண்டி அடுத்த மலைக்குப் போகாது, அதனால் காலப்போக்கில் ஒவ்வொரு மலைக் கூட்டமும் தனித்தனியாகிவிடுகிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்கள் ஒரே சிலம்பனைப் பார்த்ததாக நினைத்துவிடுவார்கள், ஆனால் நீலகிரியில் இருப்பது கக்கின்னான்ஸ் என்ற சிற்றினம், பழனி மலையில் இருப்பது ஃபேர்பேங்கி என்ற இன்னொன்று, நடுவே பாலக்காட்டுக் கணவாய். இவற்றுக்காக மான்டிசிங்க்லா என்று புதிய பேரினமே 2017இல் வைத்தார்கள்.

அதனால் நோட்டில் பெயரை விட இடம் முக்கியம். எந்த மலை, ஏறக்குறைய எத்தனை மீட்டர் உயரம், என்ன தேதி என்று எழுதிவிட்டால், நாளைக்கு எவர் எப்படிப் பிரித்தாலும் உங்கள் பறவை எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். வெறும் 'மிட்ராட்டஸ், மலேசியா' என்று எழுதியிருந்தால் பிரேசர் மலையா கினபாலுவா என்று யாராலும் சொல்ல முடியாது. பறவை பார்த்ததைப் பதிவு செய்யும் இணையத்தளமான ஈபேர்டில் பதிவு செய்தால் ஆண்டுதோறும் வகைப்பாடு புதுப்பிக்கப்படும்போது, இடத்தை வைத்துப் பிரிக்க முடிகிற பதிவுகளை அதுவே மாற்றிவிடும். கைநோட்டை மட்டும் நீங்கள்தான் அவ்வப்போது எடுத்துத் திருத்த வேண்டும்.